வானூர்தி நிலையப் பயணிகள் பாதுகாப்புச் சோதனை

வானூர்தி நிலையப் பயணிகள் பாதுகாப்புச் சோதனை என்பது, வானூர்தியில் ஏறவிருக்கும் பயணியரையும் அவர்களது உடைமைகளையும் ஆய்ந்து, ஆயுதங்களும் வெடிபொருட்களும் வானூர்திக்குள் செல்லாதவாறு தடுக்கும் நடைமுறை ஆகும். 1960களின் இறுதியில் வானூர்திக் கடத்தல்கள் பெருகியதைத் தொடர்ந்து இது உலகெங்கும் நடைமுறைக்கு வந்தது. ஐக்கிய அமெரிக்காவில் 1973 சனவரி முதல் எல்லாப் பயணியரும் சோதிக்கப்படலாயினர். பன்னாட்டுக் குடிசார் வான்பயண அமைப்பு, இதற்கான பொது விதிகளைத் தனது உடன்படிக்கையின் 17 ஆம் பின்னிணைப்பாக 1974 இல் ஏற்றுக்கொண்டது.

இச்சோதனை பலமுறை தோல்வி கண்டுள்ளது. அத்தோல்விகளில் கருவி பழுதானதால் நேர்ந்தவை சிலவே. சந்தேகத்திற்குரிய பொருள் கண்ணில் பட்டும், அது என்னவென்று தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதாலோ, ஒருவர் அறிந்தது மற்றவருக்குச் சொல்லப்படாததாலோ நேர்ந்தவை பல. தமிழ்நாட்டில் 1984 இல் நிகழ்ந்த மீனம்பாக்கம் குண்டுவெடிப்பு இதற்கு ஒரு முக்கிய எடுத்துக்காட்டாகும்.

சோதனை நடைபெறும் முறை

ஒரு பயணி வானூர்தி நிலையத்தில் மூன்று வகையான ஆய்வுகளுக்கு உட்படுகிறார். முதலாவது, அவர் யார் என்பதைப் பயணச்சீட்டையும் அடையாள அட்டையையும் கொண்டு உறுதிசெய்வது. இரண்டாவது, முகப்பில் எடை பார்த்து அவர் ஒப்படைக்கும் பெட்டிகளை ஊடுகதிர்க் கருவியில் ஆய்வது. மூன்றாவது, அவரது உடலையும் அவர் கையில் கொண்டுசெல்லும் பையையும் சோதிப்பது. இவை மூன்றும் வெவ்வேறு இடங்களில், பெரும்பாலும் வெவ்வேறு நிறுவனங்களைச் சேர்ந்தவர்களால் செய்யப்படுகின்றன. இந்தியாவில் பெட்டியைப் பெற்றுக்கொள்வது வான்பயண நிறுவனம்; உடலைச் சோதிப்பது காவற்படை; பன்னாட்டுப் பயணமாயின் கடவுச்சீட்டைப் பார்ப்பது குடிநுழைவுத் துறை; வரி ஏய்ப்பையும் கடத்தலையும் கண்காணிப்பது சுங்கத்துறை.

உடற்சோதனையில் பயன்படும் சட்டக வடிவ உலோகம் காண் கருவியை வானூர்தியில் ஏறாதவர்களும் அறிவர். திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயில் போன்ற பெருங்கோயில்களின் வாயில்களில் திருவிழாக் காலங்களில் நிறுத்தப்படுவதும் இதே வகைக் கருவிதான். கூட்டம் மிகும்போது, சட்டகம் ஒலித்தாலும் ஒவ்வொருவரையும் நிறுத்திப் பார்க்க இயலுவதில்லை. வானூர்தி நிலையத்தில் ஒலி எழுந்தால் ஒருவர் நிறுத்தப்பட்டுக் கையாலும் கைக்கருவியாலும் தடவிச் சோதிக்கப்படுகிறார். இரண்டு இடங்களிலும் கருவி ஒன்றே. அடுத்து என்ன செய்யப்படுகிறது என்பதில்தான் வேறுபாடு உள்ளது.

மீனம்பாக்கம் குண்டுவெடிப்பு, 1984

ஆகஸ்ட் 2, 1984 அன்று இரவு 11 மணிக்குச் சற்று முன்னர், சென்னை (அன்றைய மதராசு) மீனம்பாக்கம் பன்னாட்டு வானூர்தி நிலையத்தில் குண்டு வெடித்தது. இதில் 30 பேருக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் இலங்கையைச் சேர்ந்த பயணியர். தமிழீழ இராணுவம் என்ற சிறு ஆயுதக் குழுவினர் இதற்குக் காரணமானவர்கள் எனக் கண்டறியப்பட்டது. அவர்கள் குறிவைத்தது சென்னையை அன்று. கொழும்பின் கட்டுநாயக்கா வானூர்தி நிலையத்தையே ஆகும்.

நிகழ்ந்தது இதுதான்: கொழும்பு செல்லும் ஏர் லங்கா வானூர்திக்குப் பதிவு செய்த ஒரு பயணி தன் பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு, தான் ஏறாமல் சென்றுவிட்டார். உரியவர் இல்லாத பெட்டிகள் என்பதால் அவை வானூர்தியில் ஏற்றப்படாமல் ஒதுக்கப்பட்டன. அதாவது, சோதனையின் முதற்படி சரியாகவே நடந்தது. ஆனால் ஒதுக்கப்பட்ட பெட்டிகள், ஆட்கள் நிறைந்த நிலையக் கட்டடத்திற்குள்ளேயே சுங்கத்துறையின் பகுதியில் வைக்கப்பட்டன. அவற்றில் வெடிகுண்டு இருப்பதாகத் தொலைபேசி வழியே எச்சரிக்கையும் வந்தது. அக்காலத்தில் தங்கமும் மின்னணுப் பொருட்களும் பெருமளவில் கடத்தப்பட்டு வந்தன. எனவே, பெட்டிகளை வெளியே எடுத்துச்செல்வதற்காகக் கடத்தற்காரர்கள் செய்யும் தந்திரம் இது என்று கருதப்பட்டது. பெட்டிகள் அகற்றப்படவில்லை. எச்சரிக்கைக்கும் வெடிப்புக்கும் இடையே பெட்டிகளை அப்புறப்படுத்தப் போதிய நேரம் இருந்தது என்பதே இந்நிகழ்வின் துயரம்.

இங்கு எந்தக் கருவியும் பழுதாகவில்லை. பெட்டி சந்தேகத்திற்குரியது என்பதில் ஐயம் கொண்டவரும் இல்லை. எத்தகைய சந்தேகம் என்பதில்தான் தவறு நேர்ந்தது. சுங்கத்துறை அலுவலர் ஒருவர் நாள்தோறும் காண்பது கடத்தற் பொருளை. அவரது அனுபவம் முழுவதும் பெட்டியைப் பற்றி வைத்திருக்கவே அவருக்குக் கற்பித்திருக்கும். வெடிகுண்டைப் பொறுத்தவரையில் செய்யவேண்டியது அதற்கு நேர்மாறானது. சந்தேகத்திற்குரிய பெட்டியைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பது முன்கூட்டியே வரையறுக்கப்படாத இடத்தில், அந்த நேரத்தில் யார் கையில் பெட்டி இருக்கிறதோ அவரது வழக்கமே முடிவாகிவிடுகிறது.

ஏர் இந்தியா 182, 1985

மீனம்பாக்கம் நிகழ்வுக்குப் பின் பதினொரு மாதங்களுக்குள் இதே குறைபாடு மிகப்பெரிய அளவில் வெளிப்பட்டது. சூன் 23, 1985 அன்று கனடாவிலிருந்து இலண்டன் வழியாக இந்தியா வந்துகொண்டிருந்த ஏர் இந்தியா 182 வானூர்தி, அயர்லாந்துக் கரைக்கு அப்பால் அத்திலாந்திக் பெருங்கடலின் மேல் வெடித்துச் சிதறியது. 'கனிஷ்கா' எனப் பெயரிடப்பட்டிருந்த அந்த போயிங் 747 வானூர்தியில் இருந்த 329 பேரும் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் கனேடியக் குடிமக்கள்.

முந்தைய நாள் வான்கூவரில் 'எம். சிங்' என்ற பெயரில் பதிவு செய்திருந்த ஒருவர், தன் பெட்டியை தொராண்டோவில் ஏர் இந்தியா வானூர்திக்கு நேரடியாக மாற்றிவிடுமாறு கேட்டார். தொராண்டோவிலிருந்து அவருக்கு உறுதிசெய்யப்பட்ட இருக்கை இல்லை. காத்திருப்போர் பட்டியலிலேயே அவர் பெயர் இருந்தது. ஆகவே முகப்பு ஊழியர் முதலில் மறுத்தார். வரிசை நீண்டுகொண்டிருக்க, அவர் விடாது வாதிடவே, ஊழியர் இறுதியில் இணங்கினார். பெட்டி சென்றது, பயணி வானூர்தியில் ஏறவில்லை.

தொராண்டோவில் ஏர் இந்தியாவின் பெட்டிகளை ஆய்ந்துகொண்டிருந்த ஊடுகதிர்க் கருவி பாதியிலேயே பழுதடைந்தது. எஞ்சிய பெட்டிகள், பிடி-4 எனப்படும் கையடக்க வெடிபொருள் மோப்பக் கருவியால் சோதிக்கப்பட்டன. அக்கருவி நம்பத்தக்கதன்று என்பது அவ்வாண்டின் தொடக்கத்தில் நடந்த ஒரு செயல்விளக்கத்திலேயே தெரியவந்திருந்தது. ஒரு பெட்டியின் அருகே அது மெல்ல ஒலித்தது. எவ்வகை ஒலி எழுந்தால் என்ன செய்வது என்று ஊழியர்களுக்குத் தெளிவாகக் கற்பிக்கப்படாததால் அப்பெட்டியும் ஏற்றப்பட்டது. காவல்துறையின் மோப்பநாய்க் குழுக்கள் அன்று பயிற்சிக்காக வான்கூவர் சென்றிருந்தன. மொண்ட்ரியாலில் மூன்று பெட்டிகள் சந்தேகத்தின் பேரில் இறக்கி வைக்கப்பட்டன. ஆயினும் வானூர்தி நிறுத்தப்படவில்லை.

தாமதமாக வெடிக்கும் குண்டுகளைக் கொண்டு நாசவேலை நடக்கக்கூடும் என்று ஏர் இந்தியாவின் தலைமையகம் சூன் 1 அன்றே தொலையச்சுச் செய்தி அனுப்பியிருந்தது. அச்செய்தி கனேடிய அரச காவல்துறைக்குக் கிடைத்தது. உளவு நிறுவனத்திற்குச் சென்று சேரவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி ஜான் மேஜர் தலைமையிலான விசாரணை ஆணையம் 2010 சூனில் வெளியிட்ட அறிக்கை இத்தகைய துண்டிப்புகளை விரிவாக எடுத்துக்காட்டியது. கனிஷ்கா வெடிப்பதற்கு ஒரு மணிநேரத்திற்குச் சற்றுக் குறைவாக முன்னர், வான்கூவரிலிருந்து சென்ற மற்றொரு பெட்டி சப்பானின் நரிட்டா நிலையத்தில் வெடித்து, பெட்டி ஏற்றும் தொழிலாளர் இருவரைக் கொன்றதும் குறிப்பிடத்தக்கது. அதுவும் வேறொரு ஏர் இந்தியா வானூர்திக்கு மாற்றப்படவிருந்த பெட்டியே.

பயணியையும் பெட்டியையும் பொருத்துதல்

இந்நிகழ்வுகளின் விளைவாக, பயணி ஏறாவிட்டால் அவரது பெட்டியும் செல்லக்கூடாது என்பது பன்னாட்டு விதியாக வலியுறுத்தப்பட்டது. பயணி ஒருவர் கடைசி நேரத்தில் வராமற்போகும்போது, ஏற்றிய பெட்டிகளை இறக்கித் தேடுவதால் ஏற்படும் தாமதத்திற்கு இவ்விதியே காரணம். எனினும் விதி இருந்தும் அது கண்டிப்பாகப் பின்பற்றப்படாத இடங்கள் இருந்தன. டிசம்பர் 21, 1988 அன்று இசுக்கொட்லாந்தின் லொக்கர்பி நகரின் மேல் பான் ஆம் 103 வானூர்தி வெடித்து 270 பேர் இறந்ததற்குக் காரணமான குண்டும் ஒரு பெட்டிக்குள், வானொலி நாடாப் பதிவுக் கருவி ஒன்றில் மறைக்கப்பட்டிருந்தது.

இவ்விதிக்கும் எல்லை உண்டு. தன்னுயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்தவரை இது தடுக்காது. தன் பெட்டியில் இருப்பது என்னவென்றே அறியாத பயணியையும் இது தடுக்காது. 1986 ஏப்ரல் 17 அன்று இலண்டன் ஹீத்ரோ நிலையத்தில், இசுரேலுக்குச் செல்லவிருந்த கருவுற்ற அயர்லாந்துப் பெண் ஒருவரின் பையில் வெடிபொருள் இருந்தது. அவருடைய காதலர் அவருக்குத் தெரியாமல் அதை வைத்திருந்தார். நிலையத்தின் வழக்கமான ஊடுகதிர்ச் சோதனையை அப்பை கடந்துவிட்டது. பின்னர் எல் அல் நிறுவனத்தின் பாதுகாப்பு அலுவலர்கள் அவரிடம் பயணத்தைப் பற்றிக் கேள்விகள் கேட்டு, ஐயங்கொண்டு பையைப் பிரித்ததாலேயே அது கண்டுபிடிக்கப்பட்டது.

கருவிகளின் எல்லைகள்

உலோகம் காண் கருவி உலோகத்தை மட்டுமே காணும். இது வெளிப்படையான செய்தியாயினும், இதன் விளைவுகள் 2001 க்குப் பின்னரே பரவலாக உணரப்பட்டன. 2001 டிசம்பர் 22 அன்று பாரிசு - மயாமி வானூர்தியில் ஒருவர் தன் காலணிக்குள் வெடிபொருளை மறைத்துச் சென்றார். 2009 டிசம்பர் 25 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராய்ட் சென்ற வானூர்தியில் மற்றொருவர் உள்ளாடைக்குள் மறைத்திருந்தார். இரண்டு குண்டுகளும் முறையாக வெடிக்காததாலும், பயணியர் பாய்ந்து தடுத்ததாலும் உயிர்கள் தப்பின. சோதனையால் தப்பவில்லை.

ஒவ்வொரு நிகழ்வுக்குப் பின்னும் அதே வகையான முயற்சியைத் தடுக்கும் புதிய விதி சேர்க்கப்படுவது வழக்கம். காலணியைக் கழற்றச் சொல்வது முதல் நிகழ்வின் விளைவு. நீர்ம வெடிபொருட்களால் வானூர்திகளைத் தகர்க்கும் சதி 2006 ஆகஸ்டில் இலண்டனில் வெளிப்பட்டதை அடுத்து, 100 மில்லிலீட்டருக்கு மேற்பட்ட நீர்மங்கள் கைப்பையில் தடைசெய்யப்பட்டன. முழுவுடல் வருடிகள் பெருகியது மூன்றாவதன் விளைவு. சோதனை இவ்வாறு கடந்த நிகழ்வைப் பின்தொடர்ந்து செல்வதைக் குறையாகக் கூறுவோர் உண்டு. ஆயினும் தெரிந்த வழியை அடைக்காமல் விடுவதும் இயலாது என்பதால் இவ்விதிகள் ஒருமுறை வந்தால் எளிதில் நீங்குவதில்லை. அமெரிக்காவில் காலணி விதி 2025 இல்தான் பொதுவாகக் கைவிடப்பட்டது.

பொய்யெச்சரிக்கை மற்றொரு சிக்கலாகும். ஒரு நிலையத்தில் நாளொன்றுக்கு 50,000 பேர் செல்வதாகவும், கருவி நூற்றுக்கு இரண்டு முறை காரணமின்றி ஒலிப்பதாகவும் கொண்டால், 1,000 பேர் வீணே நிறுத்தப்படுவர். அவர்களுள் ஒருவர்கூட ஆயுதம் வைத்திருக்கமாட்டார் என்பதே ஏறக்குறைய எல்லா நாட்களிலும் உண்மை. ஆண்டுக்கணக்கில் இவ்வாறு நிறுத்திப் பார்க்கும் ஊழியருக்கு, ஒலி என்பது இடுப்புப்பட்டையின் கொக்கி என்ற எண்ணம் ஊறிவிடுகிறது.

மனிதக் கண்

ஊடுகதிர்க் கருவி படத்தை மட்டுமே தருகிறது. படத்தைப் படிப்பவர் மனிதர். அரிதாகத் தோன்றும் பொருளைத் தேடும்போது கண் அதைத் தவறவிடும் வாய்ப்பு மிகுகிறது என்பதை ஜெரமி உல்ஃப் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் 2005 இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தேடும் பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது, பங்கேற்றவர்கள் அதில் 7 விழுக்காட்டையே தவறவிட்டனர். அதே பொருள் நூற்றில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது தவறவிட்டது 30 விழுக்காடாக உயர்ந்தது. பொருளோ, பார்ப்பவரின் திறமையோ மாறவில்லை. எதிர்பார்ப்பு மட்டுமே மாறியிருந்தது. உண்மையான வானூர்தி நிலையத்தில் வெடிகுண்டு என்பது நூற்றில் ஒன்று அன்று. ஓர் ஊழியர் தன் பணிக்காலம் முழுவதிலும் ஒன்றைக்கூடக் காணாமல் ஓய்வுபெறலாம்.

இதற்கு மாற்றாக, துப்பாக்கி அல்லது குண்டின் போலிப் படத்தை உண்மையான பைகளின் படங்களுக்கிடையே மென்பொருள் அவ்வப்போது நுழைக்கும் முறை கையாளப்படுகிறது. ஊழியர் அதைக் கண்டுபிடித்தாரா என்பதும் பதிவாகும். ஐரோப்பிய ஒன்றியத்தில், ஒருவர் வழக்கமாகத் தொடர்ந்து 20 நிமிடங்களுக்கு மேல் படத்திரையைப் பார்க்கலாகாது. பின்னர் 10 நிமிடமேனும் வேறு பணி செய்யவேண்டும் என்ற விதியும் உண்டு.

சோதனையின் திறனை அளக்க, போலி ஆயுதங்களுடன் மறைமுகமாக ஆட்களை அனுப்பிப் பார்ப்பதும் வழக்கம். 2015 இல் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை இவ்வாறு நடத்திய 70 முயற்சிகளில் 67 பிடிபடவில்லை எனச் செய்தி வெளியானது. அதனைத் தொடர்ந்து போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் பொறுப்புத் தலைவர் மாற்றப்பட்டார்.

உள்ளே பணிபுரிவோரும் வெளியே நிற்போரும்

பயணியரைச் சோதிக்கும் முறை பயணியரை மட்டுமே சோதிக்கிறது. பெட்டி ஏற்றுவோர், துப்புரவுப் பணியாளர், உணவு கொண்டுவருவோர் ஆகியோர் வேறு வாயில்கள் வழியே வானூர்தியை அணுகுகின்றனர். மே 3, 1986 அன்று கட்டுநாயக்காவில் மாலைத்தீவு செல்ல ஆயத்தமாக நின்ற ஏர் லங்கா 512 வானூர்தி தரையிலேயே குண்டால் பிளக்கப்பட்டு 21 பேர் இறந்தனர். குண்டு சரக்குப் பகுதியில் வைக்கப்பட்டிருந்தது. புறப்பாடு தாமதமானதால்தான் அது வானில் வெடிக்கவில்லை.

மறுபுறம், சோதனை வரிசையே ஒரு கூட்டத்தை உருவாக்குகிறது. 2011 சனவரியில் மாஸ்கோவின் தமோதேதவோ நிலையத்திலும், 2016 மார்ச் 22 அன்று பிரசெல்சு நிலையத்திலும் குண்டுகள் வெடித்தது சோதனைக்கு முந்தைய பொதுப் பகுதியில் ஆகும். பயணச்சீட்டும் அடையாள அட்டையும் இல்லாதவரைக் கட்டட வாயிலிலேயே காவலர் தடுப்பது இந்திய நிலையங்களின் வழக்கம். வெளிநாட்டவர் பலருக்கு இது வியப்பளிக்கும். எனினும் வாயிலில் பார்க்கப்படுவது தாளேயன்றிப் பெட்டியன்று. 2022 டிசம்பரில் தில்லி, பெங்களூரு, வாரணாசி நிலையங்களில் தொடங்கப்பட்டுப் பின்னர் சென்னை உள்ளிட்ட இடங்களுக்கும் வந்த 'டிஜியாத்ரா' முக அடையாள முறைக்கும் இது பொருந்தும். வருபவர் யார் என்பதை அது விரைவாக உறுதிசெய்கிறது. மீனம்பாக்கத்தில் பெட்டியை ஒப்படைத்தவரிடமும் பயணச்சீட்டு இருந்தது.

இந்தியாவில் அமைப்பு மாற்றங்கள்

செப்டம்பர் 10, 1976 அன்று இந்தியன் ஏர்லைன்ஸ் வானூர்தி ஒன்று கடத்தப்பட்டதை அடுத்து அமைக்கப்பட்ட பாண்டே குழுவின் பரிந்துரைப்படி, 1978 சனவரியில் குடிசார் வான்பயணப் பாதுகாப்புப் பணியகம் ஒரு சிறு பிரிவாகத் தொடங்கப்பட்டது. கனிஷ்கா நிகழ்வுக்குப் பின், ஏப்ரல் 1, 1987 அன்று இது தனித்துறையாக்கப்பட்டது. விதிகளை வகுப்பதும் அவை பின்பற்றப்படுகின்றனவா என்று பார்ப்பதும் இதன் பணி.

டிசம்பர் 24, 1999 அன்று காட்மாண்டுவிலிருந்து தில்லிக்குப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் 814 வானூர்தியை ஐவர் ஆயுதங்களுடன் கடத்திக் காந்தகாருக்குக் கொண்டுசென்றனர். ஒரு பயணி கொல்லப்பட்டார். சிறையிலிருந்த மூவரை இந்தியா விடுவித்த பின்னரே டிசம்பர் 31 அன்று ஏனையோர் மீண்டனர். காட்மாண்டு நிலையத்தின் சோதனை அவ்வாயுதங்களைத் தடுக்காததால், வானூர்தியின் படிக்கட்டருகே பயணியரை மீண்டும் ஒருமுறை சோதிக்கும் 'ஏணியடிச் சோதனை' வலுப்படுத்தப்பட்டது. அதுவரை மாநிலக் காவல்துறையினரிடம் இருந்த நிலையப் பாதுகாப்பு, 2000 பெப்ரவரியில் செய்ப்பூரில் தொடங்கி மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படையிடம் படிப்படியாக ஒப்படைக்கப்பட்டது.

கைப்பையில் கட்டப்படும் அட்டையில் சோதனை முடிந்ததற்கான முத்திரை குத்துவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. முத்திரையில்லாத பை வானூர்திக்குள் செல்லாது. ஆனால் அட்டைதான் முத்திரை பெறுகிறதேயன்றிப் பை அன்று. அட்டை அறுந்துபோனதால் மீண்டும் வரிசையில் நின்றவர்கள் பலர். கண்காணிப்பு ஒளிப்படக் கருவிகள் பெருகியதால் 2017 ஏப்ரல் முதல் தில்லி, மும்பை உள்ளிட்ட ஏழு நிலையங்களிலும், அவ்வாண்டிலேயே சென்னை முதலிய இடங்களிலும் இவ்வழக்கம் நீக்கப்பட்டது.

ஒப்படைக்கும் பெட்டிகளைக் கட்டட நுழைவின் அருகே ஊடுகதிரில் பார்த்து, நெகிழிப் பட்டை கட்டிப் பயணியிடமே திருப்பித் தந்து, பின்னர் முகப்புக்கு எடுத்துச்செல்லச் சொல்வது பல இந்திய நிலையங்களின் முறையாக இருந்தது. சிறிய நிலையங்களில் இன்றும் உள்ளது. சோதித்த பெட்டி பொதுக்கூடத்தில் பயணியின் கையிலேயே இருப்பதும், பட்டை மட்டுமே அதற்குக் காப்பாவதும் இதன் குறை. பெரிய நிலையங்களில், முகப்பில் ஒப்படைத்த பின் பெட்டிகள் நகரும் பட்டையிலேயே பல கட்டங்களாக ஆயப்படுகின்றன. முதற்கட்டத்தில் ஐயத்திற்குரியதாகத் தோன்றும் பெட்டி தனித்தடத்திற்குப் பிரிக்கப்படுகிறது. தேவையானால் உரியவர் அழைக்கப்பட்டு அவர் முன்னிலையில் திறக்கப்படுகிறது. வெடிகுண்டு என ஐயமிருப்பின் அதை ஆட்களற்ற இடத்திற்குக் கொண்டுசெல்லத் தனி வண்டியும் குழியும் உள்ளன. 1984 இல் ஒதுக்கப்பட்ட பெட்டிக்கு இல்லாதிருந்தது இத்தகைய ஓர் இடமே.

முழுவுடல் வருடிகளை முக்கிய நிலையங்களில் ஓராண்டிற்குள் நிறுவுமாறு பாதுகாப்புப் பணியகம் 2019 ஏப்ரலில் ஆணையிட்டது. குறித்த காலத்தில் அது நிறைவேறவில்லை. குடியரசுத் தலைவர், பிரதமர் முதலிய பதவிகளில் இருப்போருக்கு உடற்சோதனையிலிருந்து விலக்களிக்கும் பட்டியலும் இந்திய நிலையங்களில் நடைமுறையில் உள்ளது.